யாயும் ஞாயும்: மூன்றாம் அடியில் எதுகை ஏன் விலகுகிறது?

காலிவீதி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். சென்ற கிழமை வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தோம். அழைப்பிதழின் முகப்பில் குறுந்தொகை 40ஆம் பாடலின் கடைசி அடி பொன்னெழுத்தில் அச்சாகியிருந்தது. உயர்தரத்தில் தமிழ் படிக்கும் என் மகள் வாகனத்தில் திரும்பி வரும்போது முழுப் பாடலையும் சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மா, முதல் மூன்று அடியிலும் 'உம்', 'உம்' என்று வந்துகொண்டே இருக்கிறது, பிறகு ஒன்றுகூட இல்லையே, ஏன்?" என்று கேட்டாள். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. வீட்டிலிருந்த வழிகாட்டி நூலைப் புரட்டினால், "எதுகை, மோனை நயங்கள் சிறந்து விளங்குகின்றன" என்ற ஒற்றை வரியோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. எந்தப் பாடலுக்கும் பொருந்தும் வரி அது.

பாடல் இது:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே

என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவினர், நானும் நீயும் எப்படி ஒருவரையொருவர் அறிந்தோம், ஆயினும் செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்ற பொருள் எல்லோரும் அறிந்ததே. இந்த இழையில் ஓசையை மட்டும் பேசலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் கண்டதை முதலில் வைக்கிறேன். முதலடியில் யாயும், ஞாயும் என இரண்டாம் எழுத்து ஒன்றி இணை எதுகை அமைகிறது. இரண்டாம் அடியில் எந்தையும், நுந்தையும் என்று மீண்டும் இணை எதுகை. இரண்டு முறை கேட்டுப் பழகிய செவி மூன்றாவது இணையிலும் அதையே எதிர்பார்க்கிறது. ஆனால் 'யானும் நீயும்' எதுகையில் ஒன்றவில்லை. 'உம்' என்ற ஈறு மட்டுமே ஒன்றுகிறது. முன்பின் அறியாத இரு தாய்மாரும் இரு தந்தைமாரும் ஓசையில் உறவாகிவிட, காதலர் இருவர் மட்டும் ஓசையிலும் அயலாராகவே நிற்கிறார்கள். புலவர் இதை வேண்டுமென்றே செய்தார் என்று எனக்குப் படுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சீரசை:

அம்மா, நல்ல கேள்வி. ஆனால் 'வேண்டுமென்றே' என்று சொல்லுமுன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். யாய் என்பது என் தாயையும், ஞாய் என்பது உன் தாயையும் குறிக்கும் பழந்தமிழ் முறைப்பெயர்கள். எந்தை, நுந்தை என்பனவும் அவ்வாறே. இவற்றில் எதுகை மொழியிலேயே கிடக்கிறது. புலவர் தேடிப் பிடித்ததன்று. யான், நீ என்ற பெயர்களுக்கிடையே அந்த ஒற்றுமை மொழியிலேயே இல்லை. ஆகவே எதுகை விலகியதைப் புலவரின் திறமாகக் கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு.

அலகிட்டு, அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. 5 அடி, 19 சீர். ஈற்றயலடி (கடைசிக்கு முந்திய அடி) முச்சீராக வந்து, பாடல் ஏகாரத்தில் முடிவதால் நேரிசை ஆசிரியப்பா. ஒற்றை விட்டு எண்ணினால் ஓரெழுத்து அசை நேர், ஈரெழுத்து அசை நிரை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம். சீர்களின் வாய்பாடு:

தேமா, தேமா, தேமா, புளிமா
கூவிளம், கூவிளம், கூவிளம், தேமா
தேமா, தேமா, கூவிளம், புளிமா
கூவிளம், புளிமா, தேமா
கூவிளம், தேமா, கூவிளம், புளிமா

மாணவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இரண்டாம் அடி. 'எந்தையும்' என்பதை எந், தை, யும் என்று மூன்றாகப் பிரித்துத் தேமாங்காய் என எழுதிவிடுவார்கள். இடையில் வரும் ஐகாரம் குறுகிக் குறிலாக நிற்பதால் 'தையும்' நிரையசை ஆகும். எனவே அது கூவிளமே. 'நுந்தையும்' என்பதற்கும் இதுவே கணக்கு. 'நுந்தை' என்ற சொல்லைப் பற்றி இன்னொன்று: குற்றியலுகரம் (குறுகி ஒலிக்கும் உகரம்) மொழிக்கு முதலில் வருவது இந்த முறைப்பெயர் ஒன்றில் மட்டுந்தான் என்பது தொல்காப்பியம். இந்தப் பாடலை வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் அந்த 'நு'வை அரைவாசியாக ஒலித்துப் பார்க்க எனக்கு ஆசை வரும்.

உரும்பிராய்ச் செம்மண்:

பிறந்த ஊர் உரும்பிராய், இப்போது இருப்பது கொட்டாஞ்சேனை. யாப்பில் எனக்குப் பயிற்சி குறைவு. ஆனால் சீரசை ஐயா தந்த வாய்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தெரிந்தது. 'கூவிளம், புளிமா' என்ற இணை மூன்று இடங்களில் வருகிறது: 'எவ்வழி யறிதும்', 'செம்புலப் பெயனீர்', 'தாங்கலந் தனவே'. மூன்றும் கடைசி மூன்று அடிகளில், அடிக்கு ஒன்றாக. முதல் இரண்டு அடிகளில் அந்த இணை இல்லவே இல்லை. எப்படி அறிந்தோம் என்ற கேள்வியும், மழைநீர் என்ற உவமையும், கலந்துவிட்டன என்ற விடையும் ஒரே நடையில் வருகின்றன. இது யாப்பிலக்கணப்படி சரியான அவதானிப்புத்தானா, ஐயா?

சீரசை:

சரியானதே, தம்பி. இத்தனை காலமும் இந்தப் பாடலைச் சொல்லித் திரிந்த நான் அந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில்லை. தளைக் கணக்கும் உங்களுக்குத் துணை நிற்கிறது. பாடலில் சீரும் சீரும் சந்திக்கும் இடங்கள் 18. அவற்றுள் நேரொன்றாசிரியத்தளை (மாவின் முன் நேர்) 10, இயற்சீர் வெண்டளை (மாவின் முன் நிரை, விளத்தின் முன் நேர்) 5, நிரையொன்றாசிரியத்தளை (விளத்தின் முன் நிரை) 3. அந்த மூன்றும் நீங்கள் சொன்ன மூன்று இடங்களிலேயே அமைகின்றன. பாடலில் விளமும் நிரையும் ஒன்றிச் சேருமிடம் வேறு இல்லை. இரண்டாம் அடிக்குள் இருக்கும் மூன்று தளைகளும் வெண்டளைகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விளத்தின் முன் நேர் வந்து, சீரோடு சீர் ஒன்றாமலே நடக்கும் அடி அது. 'எந்த முறையில் உறவு' என்று கேட்கும் அடி அப்படி நடப்பது எனக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை. ஆசிரியப்பாவில் பெரும்பாலும் வருவன நான்கே வகை ஈரசைச்சீர்கள்; அகவல் என்னும் இந்தப் பாவின் அடிகள் மாச்சீரில் முடிவதும் மிகப் பரவலான வழக்கு. நான்கு நிறக் கற்களால் கோலம் போட்டால் சில வடிவங்கள் தாமாகவே திரும்ப வரும். வடிவம் திரும்புகிறது என்பதில் மறுப்பில்லை. புலவர் சீர்களை எண்ணிப் பார்த்து அப்படி அமைத்தார் என்று நான் எழுதித் தரமாட்டேன்.

காலிவீதி வாசகி:

ஐயா, எண்ணித்தான் அமைத்திருக்க வேண்டும் என்று நானும் இப்போது வாதிடவில்லை. செவியில் ஊறிய ஒருவருக்கு எண்ணாமலே அது வாய்க்கலாம் என்றுதான் கருதுகிறேன். எதுகையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன்: யாய், ஞாய் என்ற ஒற்றுமை மொழி தந்தது. ஆனால் வரிசையைத் தேர்ந்தவர் புலவர் அல்லவா? யானும் நீயும் என்று தொடங்கி, பிறகு தாய், தந்தை என்று போயிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ஓசை குறையிலிருந்து நிறைவுக்கு ஏறியிருக்கும். இங்கே நிறைவாக இரண்டு இணைகளைக் கொடுத்துவிட்டு, காதலரிடம் வரும்போது அதை எடுத்துவிடுகிறார்.

இந்தப் பாடலின் துறையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இயற்கைப் புணர்ச்சிக்கு (தலைவனும் தலைவியும் தாமே முதன்முதல் கூடுவதற்கு)ப் பிறகு, இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு தலைவன் சொல்லும் கூற்று இது. அவளுடைய அச்சம் தாய்மாரைப் பற்றியதோ தந்தைமாரைப் பற்றியதோ அன்று. 'நீயும் நானும்' என்பதைப் பற்றியதே. ஓசை சற்று விலகும் இடமும் அதுவே.

மோனையையும் பாருங்கள். முதலடியில் முதற்சீரும் மூன்றாஞ்சீரும் யா, யா. இரண்டாம் அடியில் எ, எ. இரண்டும் பொழிப்பு மோனை. மூன்றாம் அடியில் யானும், எவ்வழி. அதே எழுத்து திரும்பவில்லை. எதுகை, மோனை இரண்டும் ஒரே அடியில் தளர்கின்றன. மூன்றிலும் வினாச்சொல் மூன்றாஞ்சீரிலேயே நிற்கிறது: யார், எம்முறை, எவ்வழி.

பாவோதல்:

நான் கொழும்பில் பாடசாலைப் பிள்ளைகளைத் தமிழ்த் தினப் போட்டிக்குப் பாவோதலில் பழக்குகிறவள். அகவலை ஓதிக்காட்டும்போது கேட்பதைச் சொல்கிறேன், இலக்கணத்தை ஐயா திருத்தட்டும்.

யா, எ இரண்டும் சொல்லுக்கு முதலில் நின்று வினாப் பொருள் தரும் எழுத்துகள் என்று நன்னூலில் படிப்பிக்கிறோம். யாய், எந்தை, யான் ஆகிய சொற்கள் வினாச்சொற்கள் அல்ல. ஆனால் ஓதும்போது முதல் மூன்று அடியும் யா, எ, யா என்று வினாவின் ஒலியோடு வாய் திறக்கின்றன. முதலடி ஓகாரத்தில் முடியவும் செய்கிறது. நான்காம் அடியில் 'செ' என்று தொடங்கியதும் குரல் தானாகவே இறங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்காமலே இது நடக்கிறது.

அடுத்தது வாசகி அக்காவின் மகள் கேட்ட 'உம்'. எண்ணும்மை ஆறு: யாயும், ஞாயும், எந்தையும், நுந்தையும், யானும், நீயும். ஆனால் செவிக்கு ஏழாவது ஒன்றும் கேட்கிறது. மூன்றாம் அடியின் கடைசிச் சொல் 'அறிதும்'. அது எண்ணும்மை அன்று. 'தும்' என்ற தன்மைப் பன்மை விகுதி. முதல் ஆறு 'உம்'மும் ஆளைப் பிரித்துப் பிரித்து எண்ணுகின்றன, இவரும் அவரும் என்று. ஏழாவது அதே ஒலியோடு வந்து 'நாம்' என்று சேர்த்துவிடுகிறது. அதன் பிறகு 'உம்'முக்கு வேலை இல்லை. அடுத்த இரண்டு அடியிலும் அது வராததன் காரணத்தை நான் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்வேன்.

உரும்பிராய்ச் செம்மண்:

ஏழாவது 'உம்' என்பதைப் படித்துவிட்டு, வேலைக்குப் போகிற பேருந்தில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். 'நீயும்' என்பதற்கும் 'அறிதும்' என்பதற்கும் இடையில் 'எவ்வழி' என்ற ஒரு சீர்தான் இருக்கிறது. அந்த ஒரு சீருக்குள் 'நீ' மறைந்து 'நாம்' வந்துவிடுகிறது.

நான் மண்ணைப் பற்றியும் கொஞ்சம் எழுதலாமா? ஓசையோடு சேர்த்தே எழுதுகிறேன். எங்கள் ஊர்த் தோட்டங்களில் முதல் மழைக்கு ஓடும் தண்ணீரைச் சிறு வயதில் கண்ணாடித் தம்ளரில் பிடித்து வைப்போம். பிடித்தவுடன் தேநீர் போலக் கலங்கிச் சிவப்பாக இருக்கும். மண் எங்கே, நீர் எங்கே என்று காட்ட முடியாது. கொழும்பில் தோட்டமண்ணை எங்கே காண்பது? போன மாதம் எங்கள் ஒழுங்கையில் கட்டட வேலைக்குக் கொட்டிய கிரவலில் மழை பெய்து, தெரு முழுவதும் அதே நிறத்தில் தண்ணீர் ஓடியபோது இந்தப் பாடலை உரத்துச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அப்போது கேட்ட ஒன்று: 'பெயல்' என்பதும் 'நீர்' என்பதும் சேர்ந்தபோது ல் போய்விட்டது, ந் என்பதும் போய்விட்டது, 'பெயனீர்' என்று னகரம் ஒன்றே நிற்கிறது. இரண்டு எழுத்தும் தம்மை இழந்து மூன்றாவது ஒன்றாகியிருக்கின்றன. கலப்பதைச் சொல்லும் இடத்தில் புணர்ச்சி விதியே கலந்து காட்டுகிறது.

சீரசை:

தம்பி, இதற்கு நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை. ல் முன் நகரம் வரும்போது இவ்வாறு திரிவது பொது விதி. அந்த விதி செயற்படும் இடத்தை இந்தச் சொல்லில் வைத்ததுதான் பேறு. புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்காமற்போய், இந்தத் தொடரையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று வழங்கியிருப்பதும் அந்தத் தொடர் பழையோர் செவியில் எவ்வளவு தங்கியது என்பதைக் காட்டுகிறது.

கடைசி அடிக்கு இதை நீட்டுங்கள். நெஞ்சம், தாம், கலந்தனவே என்பவை மூன்று சொற்கள். யாப்பில் அவை நெஞ்சந், தாங்கலந், தனவே என நிற்கின்றன. 'தாம்' தனியாக இல்லை, 'கலந்தன' முழுதாக இல்லை. ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை சீருக்குள் போய்விட்டது. வகையுளி என்று இதைக் குறையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. முதலடியிலும் 'யாரா கியரோ' என்று சொல் அறுபடுகிறது. அங்கே அது வெறும் வகையுளியாகவே எனக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் நயம் காட்ட நான் முயலமாட்டேன். ஈற்றடியில் மட்டும் அதற்குப் பொருள் உண்டென்று ஒப்புக்கொள்கிறேன்.

அழைப்பிதழ்களில் சொல் பிரித்து 'நெஞ்சம் தாம் கலந்தனவே' என்று அச்சிடுவது படிப்பவருக்கு எளிதுதான். ஆனால் மகரம் நகரமாகவும் ஙகரமாகவும் திரிந்த அந்தக் கலப்பு கண்ணுக்கும் செவிக்கும் இல்லாமற் போகிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

பாவோதல்:

ஐயா சொன்ன திரிபை எண்ணிப் பார்த்தேன். மெல்லெழுத்தும் வல்லெழுத்தும் அடுத்தடுத்து நிற்கும் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், முதலடியில் ஒன்றும் இல்லை. அங்கே யகரமும் ரகரமுமாக இடையினம் வழிந்தோடுகிறது. வல்லெழுத்து என்று இருப்பது 'கி' ஒன்றே. இரண்டாம் அடியில் எந்தை, நுந்தை என இரண்டு. மூன்றாம் அடியில் மீண்டும் ஒன்றும் இல்லை. நான்காம் அடியில் 'செம்பு' என ஒன்று. ஐந்தாம் அடியில் ன்பு, ஞ்ச, ந்தா, ங்க, ந்த என்று ஐந்து! நான்கு சீருக்குள் ஐந்து முறை மென்மையும் வன்மையும் ஒட்டிக்கொள்கின்றன. பாவின் ஓசையை வண்ணம் என்று தொல்காப்பியர் இருபது வகையாகச் சொல்கிறாரே, அந்த வகையில் வைத்துப் பார்த்தால் முதலடிக்கு இயைபு வண்ணத்தின் சாயலும் கடைசியடிக்கு மெல்லிசை வண்ணத்தின் சாயலும் இருப்பதாகச் சொல்லலாமா?

சீரசை:

இயைபு வண்ணம் இடையெழுத்து மிகுவது, மெல்லிசை வண்ணம் மெல்லெழுத்து மிகுவது. சாயல் என்ற அளவில் தாராளமாகச் சொல்லலாம். செம்புலம், அன்புடை என்ற அடித்தொடக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் கூவிளம். இரண்டாம் எழுத்து இரண்டிலும் மெல்லொற்று, மூன்றாம் எழுத்து இரண்டிலும் 'பு'. ஆகவே இன எதுகையும் உண்டு, மூன்றாம் எழுத்து ஒன்றிய எதுகையும் உண்டு. வாசகி அம்மா தொடங்கிய கேள்விக்கு இது பாதி விடை ஆகலாம்: 'யானும் நீயும்' என்ற இடத்தில் விலகிய எதுகை, செம்புலத்துக்கும் அன்புக்கும் இடையே, அடி கடந்து, வேறு வகையாகத் திரும்பி வருகிறது.

காலிவீதி வாசகி:

ஐயா, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. விலகியதைக் கண்டேன், திரும்பியதைக் காணவில்லை.

ஒப்பிடுவதற்காகக் குறுந்தொகை 3ஆம் பாடலையும் மகளோடு இருந்து படித்தேன். 'நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரளவின்றே' என்று அங்கேயும் ஒரே உருபு மும்முறை வருகிறது. ஆனால் அந்த அடுக்கு ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே போகிறது. நிலம், வானம், கடல் எல்லாவற்றையும் நட்பு மிஞ்சுகிறது. 40ஆம் பாடலில் அடுக்கு சிறுத்துக்கொண்டே வருகிறது: இரு தாய்மார், இரு தந்தைமார், இறுதியில் நீயும் நானும். உறவின் வட்டம் சுருங்கி இருவர் மட்டும் எஞ்சும் இடத்தில் உவமை தொடங்குகிறது. திரும்பச் சொல்லுதல் என்ற உத்தி ஒன்றே என்றாலும் இரண்டு பாடலிலும் அது நேரெதிரான திசையில் வேலை செய்கிறது. இதை வழிகாட்டி நூல்கள் ஒரு பந்தியாவது எழுதினால் பிள்ளைகள் நயம் என்ற சொல்லுக்கு அஞ்சமாட்டார்கள்.

ஒரு சின்னக் கேள்வி மட்டும் மீதி. 'செம்புலப் பெயனீர் போல' என்ற அடி முச்சீரோடு நிற்கிறதே, ஓதும்போது அந்த இல்லாத நான்காவது சீரை என்ன செய்வது?

பாவோதல்:

அக்கா, ஈற்றயலடி முச்சீராவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். ஆகவே இடைவெளி யாப்பே தந்தது. அந்த இடைவெளிக்கு முன்னால் 'போல' என்ற சொல்லை வைத்ததுதான் இங்கே முக்கியம். போல என்றால் எது போல, எதற்கு என்று கேட்பவர் மனம் காத்திருக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் பயத்தில் அந்த இடத்தில் மூச்சு விடாமல் 'போலஅன்புடை' என்று ஓடிவிடுவார்கள். நான் அவர்களைக் கையால் தொடையில் மெதுவாகத் தட்டச் சொல்வேன்: செம்புலப், பெயனீர், போல, பிறகு ஒரு தட்டு வெறுமையாக, அதன் பிறகு அன்புடை.

நேற்று மாலை ஒன்பதாம் தரப் பிள்ளை ஒருவர் ஓதினார். இந்த இழையில் பேசிய எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. 'யாயும் ஞாயும்', 'எந்தையும் நுந்தையும்' இரண்டையும் ஒரே வேகத்தில் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டு வந்தவர், 'யானும்' என்றதும் ஒரு கணம் நின்று, பிறகு தாழ்ந்த குரலில் 'நீயும்' என்றார். ஏன் நின்றாய் என்று கேட்டேன். "அந்த இடத்தில் சத்தம் மாறுது, ரீச்சர்" என்றார்.